மேட்டிலிருந்து தெரியாதவை

பாரிசுக்குக் கடல் கிடையாது. ஆனால் கடலோரச் செங்குத்துப் பாறை ஒன்று உண்டு. நகரின் வடகிழக்கில், 19ஆவது வட்டாரத்தில், புத் ஷோமோன் பூங்காவின் நடுவே ஒரு செயற்கை ஏரிக்குள்ளிருந்து அது எழுந்து நிற்கிறது. நோர்மாண்டிக் கரையில் எத்ரெத்தா என்ற ஊரின் சுண்ணாம்புப் பாறைகளைக் கடல் அலையலையாக அடித்துச் செதுக்கப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடித்தன. அதே சாயலில் பாரிசுக்கு ஒன்று வேண்டும் என்றபோது, வெடிமருந்தும் சீமெந்தும் சில ஆண்டுகளில் வேலையை முடித்துக் கொடுத்தன. உச்சியில் ஒரு சின்ன வட்ட மண்டபம். ரோமுக்கு அருகே திவோலியில் உள்ள பழைய கோயிலைப் பார்த்துக் கபிரியேல் தவியூ என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தி ஆசைப்பட்டார், நகர நிர்வாகி ஓஸ்மான் உத்தரவிட்டார், அல்ஃபான் என்ற பொறியியலாளர் நிறைவேற்றினார். 1867 ஏப்ரல் 1ஆம் தேதி, உலகக் கண்காட்சி தொடங்கிய அன்றே, பூங்காவும் திறக்கப்பட்டது. எல்லாம் நேரத்துக்கு வந்து சேர்ந்தன. கடல் மட்டும் வரவில்லை.

பாரிசின் லாச்சப்பல் பகுதித் தமிழர்களுக்கு இந்தப் பாறை மிகப் பக்கம். இரண்டாம் இலக்க மெத்ரோ எங்கள் தலைக்கு மேலே இரும்புத் தூண்களில் ஓடுகிறது. லாச்சப்பலில் ஏறிக் கிழக்கே போனால் மூன்றாவது நிறுத்தம் கொலோனெல் ஃபபியான். அங்கிருந்து ஏற்றத்தில் நடந்தால் பூங்கா. மேற்கே போனால் இரண்டாவது நிறுத்தம் ஆன்வேர். படியேறினால் மோன்மார்த் குன்றும் சாக்ரே கேர் என்ற வெள்ளைத் தேவாலயமும். வெளிநாட்டுக்காரர் பணம் செலவழித்துப் பார்க்க வரும் இரண்டு உச்சிகளுக்கும் நடுவில், ஒரு மெத்ரோ டிக்கெட் தூரத்தில், நாங்கள் மரக்கறியும் மீனும் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

நிலத்தின் அமைப்பே அப்படி. லாச்சப்பல் அந்த இரு மேடுகளுக்கும் இடையிலான கணவாய். பாரிசிலிருந்து வடக்கே சென் தெனிக்குப் போன பழைய பாதை இந்தத் தாழ்வுக்குள்ளால்தான் போனது. 1429 செப்டம்பரில் பாரிசைத் தாக்க வந்த ஜோன் ஆஃப் ஆர்க், தாக்குதலுக்கு முதல்நாள் இரவு இங்குள்ள சிறிய தேவாலயத்தில் செபித்துக் கழித்தாள் என்பது ஊரின் பெருமை. மறுநாள் அவள் தோற்றாள் என்பதை ஊர் அவ்வளவு பெருமையாகச் சொல்வதில்லை. 1860 வரை இது தனிக் கிராமம். அந்த ஆண்டு மோன்மார்த்தோடும் பெல்வில்லோடும் சேர்த்து நகரம் இதையும் விழுங்கியது. அதற்கு முன்பே கார் து நோர், கார் து லெஸ்த் என்ற இரு பெரிய நிலையங்களின் ரயில் பாதைகள் ஊரை இரண்டு பக்கமும் அறுத்துவிட்டிருந்தன. கணவாயில் யாரும் காட்சி பார்க்க நிற்பதில்லை. கடந்து போகிறார்கள், அல்லது கடக்க முடியாமல் தங்கிவிடுகிறார்கள். 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து பெருவாரியாக வந்த நாங்கள் இரண்டாவது வகை.

புத் ஷோமோன் மேட்டுக்குக் காட்சி காட்டுவது கடைசியாகக் கிடைத்த உத்தியோகம். அதற்கு முன்பு அது பார்த்த வேலைகள் வேறு. பூங்காவுக்குச் சற்றுத் தென்மேற்கே, இன்றைய கொலோனெல் ஃபபியான் சதுக்கத்துக்கு அருகில், மோன்ஃபோக்கோன் என்ற தூக்குமேடை நூற்றாண்டுக் கணக்கில் நின்றது. 16 கல் தூண்கள், அவற்றுக்கிடையே விட்டங்கள், விட்டங்களில் சங்கிலிகள். அரசருடைய நிதியை நிர்வகித்த மாரிஞ்ஞி 1315இல் இங்கேதான் தொங்கினார். தூக்கை உயரத்தில் வைத்ததற்கு நிர்வாகக் காரணம் இருந்தது: நகரத்தவர் எல்லோரும் அண்ணாந்து பார்க்க வேண்டும். பாரிசின் வடகிழக்கில் நல்ல காட்சி கிடைக்கும் இடம் எது என்று முதலில் கண்டுபிடித்தது அரசாங்கம்தான். அங்கே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்தக் காட்சியை அனுபவிக்க அவகாசம் இருக்கவில்லை.

தூக்குமேடை போனபின் நகரத்தின் மலக்குழியும் கிழட்டுக் குதிரைகளை வெட்டும் கொட்டில்களும் அந்தப் பக்கத்தில் வந்து சேர்ந்தன. காற்று மாறி வீசும் நாட்களில் நாற்றம் நகருக்குள் இறங்கியது. மேட்டின் வயிற்றுக்குள் ஜிப்சம் இருந்தது. அதை வெட்டி, சூளையில் சுட்டு, பொடியாக்கினால் கிடைப்பதுதான் உலகமெல்லாம் பாரிசின் பெயரால் அழைக்கும் அந்தச் சாந்து. 1666இல் லண்டன் எரிந்ததைப் பார்த்து, அடுத்த ஆண்டே பதினான்காம் லூயி அரசர் வீட்டு மரச்சட்டங்களைச் சாந்தால் மூடும்படி ஆணையிட்டார். ஆணையை நகரம் நிறைவேற்றியது. விலையைக் குன்றுகள் கொடுத்தன. மோன்மார்த்தும் பெல்வில்லும் புத் ஷோமோனும் உள்ளே கோறையாகிப் போயின. இன்று உச்சியில் நின்று வியக்கும் அந்த வெளிர்நிற வீடுகளின் சுவர்களுக்குள் இருப்பது, வியப்பவரின் காலடியில் இல்லாத மண்.

தமிழ்நாட்டில் பிளாஸ்டர் ஆஃப் பாரிசில் செய்த பிள்ளையாரைக் கடலில் கரைக்கக் கூடாது என்று தடை இருக்கிறது. இங்கே, அந்தச் சாந்து தோண்டப்பட்ட மேடுகளுக்கு நடுவே, கோடை முடியும் வேளையில் பிள்ளையார் தேரேறி வருகிறார். 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம் இப்போது பஜோல் தெருவில் இருக்கிறது. தேரன்று வீதியில் உடைக்கும் தேங்காய் மலைபோலக் குவிகிறது. லாச்சப்பலின் சொந்த மேடு அது ஒன்றுதான். பின்னேரம் மாநகரசபை வண்டி வந்து அள்ளிப்போய்விடும்.

புத் ஷோமோன் பூங்காவை ஒருமுறை நின்று நிதானமாகப் பார்க்க எனக்கு வாய்ப்புத் தந்தவர், மகளைப் பார்க்கத் திருகோணமலையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர். உறவு தூரம், மாமா என்று கூப்பிடுவேன். பாதையோரக் கைபிடியைப் பிடித்தபடி மெதுவாக ஏறிக்கொண்டிருந்தவர் நின்றார்.

“இது மரமெல்லோ?”

“இல்லை மாமா, சீமெந்து.”

அவர் நம்பவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். மரப்பட்டையின் வரிகள், வெட்டிய கொப்பின் கணுக்கள், ஒரு கட்டையை இன்னொரு கட்டையோடு பொருத்திய மாதிரி ஒரு மூட்டு. எல்லாம் ஈரச் சீமெந்தில் கையால் கீறியது. ஒரு கணு உடைந்திருந்தது. உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தது. அந்தக் கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“ஏமாத்துத்தான். ஆனா நல்லா மினக்கெட்டு ஏமாத்தியிருக்கிறாங்கள்.”

அந்தப் பூங்காவைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் மிக நியாயமானது இதுதான். கீழே குகைக்குள் தொங்கும் கற்கூம்புகள் கையால் வார்த்தவை. அருவி குழாயில் வருகிறது. கால்வாய்த் தண்ணீரை மேலே ஏற்றி விழவிடுகிறார்கள். தீவுக்குப் போகும் தொங்குபாலம் பின்னாளில் கோபுரத்தால் புகழ்பெற்ற ஈஃபிலின் வேலை. மொட்டைப் பாறையில் புல் முளைக்க லட்சக்கணக்கான கன மீட்டர் மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர் இதில் வேலை செய்தார்கள். வேலை செய்தவர்களின் பெயர் எங்கும் இல்லை; மினக்கெட்டவர்களின் நிலைமை எந்த ஊரிலும் ஒன்றுதான்.

உச்சி மண்டபத்தில் கூட்டம். எல்லாக் கைகளும் கைபேசியை மேற்கே நீட்டியிருந்தன. அங்கே, வீட்டுக் கூரைகளுக்கு அப்பால், சாக்ரே கேர் வெள்ளையாக எழுந்து நின்றது. மழையில் நனைய நனைய வெளுக்கும் கல்லால் கட்டியது. நூறாண்டு கழிந்தும் அழுக்கு ஒட்டவில்லை. மாமா சற்று நேரம் பார்த்தார்.

“லாச்சப்பல் எங்க தம்பி?”

“அந்தக் கோயிலுக்கும் எங்களுக்கும் நடுவில மாமா.”

“நடுவில ஒண்டும் தெரியேல்லையே.”

உண்மைதான். பார்வை ஒரு மேட்டிலிருந்து எழும்பி அடுத்த மேட்டில் போய் இறங்குகிறது. இடையில் உள்ள பள்ளம் கூரைகளாகவும் புகைபோக்கிகளாகவும் கலந்துவிடுகிறது. கோயிலும் கடைகளும் நகைக்கடைகளும், வேலைக்குப் போக முதல் ஒரு தேத்தண்ணி குடிக்கும் வாசல்களும், கடிதம் நிரப்பிக் கொடுக்கும் மொழிபெயர்ப்பாளரின் அறையும் அந்தச் சாம்பல் நிறத்துக்குள் எங்கோ இருக்கின்றன. காட்சிமேடை பொய் சொல்வதில்லை. அது கண்ணை நேராக அடுத்த உயரத்துக்கு அனுப்பிவிடுகிறது, அவ்வளவுதான். உயரங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன.

பார்க்கப்படும் அந்த உயரத்தின் கதையும் வெள்ளையாக இல்லை. 1871 மார்ச் 18ஆம் தேதி, மோன்மார்த் மேட்டில் இருந்த பீரங்கிகளை இழுத்துப்போக அரசு படை அனுப்பியது. மேட்டுச் சனம் மறித்தது. பாரிஸ் கொம்யூன் என்ற எழுச்சி அங்கே பிறந்தது. மே 21 முதல் 28 வரை அது கொன்றொழிக்கப்பட்டது. கடைசி நாட்களில் எஞ்சி நின்ற அரண்களில் ஒன்று புத் ஷோமோன்; பூங்கா திறந்து நான்கே ஆண்டுகள். சண்டை முடிந்தபின் பிணங்களை அங்கே குவித்து எரித்தார்கள். இயற்கையை ரசிக்கவென்று கொட்டிய மண் இதற்கும் உதவியது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1873 ஜூலையில், தேசிய சபை மோன்மார்த் உச்சியில் ஒரு தேவாலயம் கட்ட அனுமதித்துச் சட்டம் இயற்றியது. அது ஒரு நேர்த்திக்கடன். 1870இல் பிரஷ்யாவிடம் தோற்ற பிரான்ஸ் தன் பாவங்களுக்கு வருந்துகிறது என்பது வேண்டுதல். வேண்டுதல் கொம்யூனுக்கு முந்தியது என்று திருச்சபை சரியாகவே சொல்கிறது. ஆனால் தெரிந்தெடுத்த இடம் எழுச்சி பிறந்த இடம். இடதுசாரிகள் அதை இன்றுவரை மறக்கவில்லை. 2004இல் தேவாலயத்துக்குக் கீழேயுள்ள பூங்காவுக்கு, கொம்யூனில் போராடி நாடு கடத்தப்பட்ட லூயிஸ் மிஷேலின் பெயரை நகரம் சூட்டியது. இப்போது சுற்றுலாப் பயணிகள் அவருடைய படிகளில் உட்கார்ந்து, முதுகை அந்தத் தேவாலயத்துக்குக் காட்டிக்கொண்டு, நகரத்தைப் படம் எடுக்கிறார்கள். இரு தரப்புக்கும் இது ஒருவகைத் தீர்வு.

கட்டத் தொடங்கியபோதுதான் மேடு உள்ளே கோறை என்பது எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. 80க்கும் மேற்பட்ட கிணறுகளை 30 மீட்டருக்கும் ஆழமாகத் தோண்டி, கல்லும் சாந்தும் போட்டு நிரப்பி, அந்தத் தூண்களின் மேல்தான் தேவாலயத்தை நிறுத்தினார்கள். குன்றை உருவி எடுத்தாலும் தேவாலயம் தூண்களில் நிற்கும் என்று அப்போது ஒரு பகிடி இருந்தது.

எங்கள் ஆட்களுக்கும் அந்தப் படிகளுக்கும் பழைய உறவு உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பாரிஸ் வந்த பொடியன் ஊருக்கு அனுப்பிய முதல் படம் பெரும்பாலும் ஈஃபில் கோபுரத்தின் அடியில் அல்லது இந்தப் படிகளில் எடுத்தது. இரவல் கோட்டு. பின்னால் பாரிஸ் முழுவதும் விரிந்து கிடக்கும். கைகள் கோட்டுப் பைக்குள் இருக்கும். குளிர் என்று வீட்டார் நினைத்தார்கள். கோப்பை கழுவும் தண்ணீரிலும் மருந்திலும் வெடித்த விரல்களை அம்மாவுக்குக் காட்டாமல் இருக்க வேறு வழி இல்லை. படத்தில் நகரம் இருந்தது. நகரத்தில் அவன் நின்ற இடம், உணவகத்தின் நிலக்கீழ்க் குசினி, அதில் இல்லை. நிலத்துக்குக் கீழே வேலை செய்தவன் குன்றின் மேல் நின்று படம் எடுத்தான். ஊரில் அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்தவன் காணியை ஈடு வைத்தான்.

இன்று கோப்பை கழுவியவர்களில் பலர் சமையல் தலைவர்கள், கடை முதலாளிகள், வரி கட்டும் குடிமக்கள். லாச்சப்பலில் கடை வைத்திருக்கும் பலர் குடியிருப்பது லா கூர்னவ், சார்செல் போன்ற புறநகர்களில். கணவாயில் பின்னர் வேறு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். 2015 ஜூன் 2ஆம் தேதி, லாச்சப்பல் மெத்ரோ பாலத்தின் அடியில் கூடாரம் போட்டிருந்த நூற்றுக்கணக்கான அகதிகளைப் பொலிஸ் அகற்றியது. பெரும்பாலும் சூடான், எரித்திரியாவிலிருந்து வந்தவர்கள். பிறகு அங்கே வேலி வந்தது. 2017 பெப்ரவரியில், வடக்கே போர்த் து லாச்சப்பலில் ஒரு பாலத்தின் கீழ், அகதிகள் படுக்காதபடி நகரசபை பெரிய பெரிய பாறாங்கற்களைக் கொண்டுவந்து இறக்கியது. கல்லுடைப்பவர்கள் சிலர் வந்து கண்டித்துப் போனார்கள். 150 ஆண்டு இடைவெளியில் ஒரே நகரம் இரண்டு முறை பாறை செய்திருக்கிறது: ஒருமுறை மனிதர் நின்று பார்க்க, மறுமுறை மனிதர் படுக்காமல் இருக்க. இரண்டாவது பாறையில் கலைநயம் குறைவு. பாலத்தைத் தாண்டிப் போன எங்கள் கார்களில் அதைப் பற்றிப் பேச்சு நடந்தது. “எங்கட காலத்தில நாங்கள் இப்பிடி றோட்டில கிடக்கேல்லை” என்று சிலர் சொன்னார்கள். ஏறிவிட்டவர்களின் குரல் அது. அதற்கு மொழி வித்தியாசம் கிடையாது.

கடல் உள்ள உயரத்துக்கு வருகிறேன். மாமாவின் ஊரில் சுவாமி மலை இருக்கிறது. மூன்று பக்கமும் கடல். உச்சியில் கோணேசர். தேவாரப் பாடல் பெற்ற ஈழத்துத் தலங்கள் இரண்டில் ஒன்று. எத்ரெத்தாவைப் போல யாரும் படியெடுக்காத, அசலான கடற்பாறை. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். பிறகு டச்சுக்காரர். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர். அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் சுஃப்ரேன் என்ற பிரெஞ்சு அட்மிரல் வந்து பிடித்தார். செப்டம்பர் 3ஆம் தேதி திருகோணமலைக்கு வெளியே ஆங்கிலக் கப்பல்களோடு சண்டை போட்டார். சமாதானம் வந்ததும் ஊர் மறுபடி டச்சுக்காரர் கைக்குப் போனது. ஈஃபில் கோபுரத்தின் பக்கவாட்டில் ஓடும் நீண்ட சாலைக்கு அவர் பெயர்தான்: அவெனியூ து சுஃப்ரேன். பெல்வில் பூங்காவின் மேல்தளத்தில் நின்று அந்தக் கோபுரத்தைப் பார்க்கும் திருகோணமலைக்காரர், தன் ஊரைப் பிடித்தவரின் தெருப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். தெருப் பலகையில் அதெல்லாம் எழுத இடம் போதாது.

“சுவாமி மலையில நிண்டா இப்பவும் நல்ல காத்து” என்றார் மாமா. “ஆனா போறது ஆமிக்காம்புக்குள்ளால.” கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. அதன் வாசலால் நுழைந்து, மரநிழலில் மேயும் மான்களைக் கடந்து, கடைகளைக் கடந்து கோயிலுக்கு ஏற வேண்டும். மேலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் குடா, நீலம், மீன்பிடி வள்ளங்கள், வளைந்து கிடக்கும் மணல். 2006 ஜனவரி 2ஆம் தேதி மாலை, கோட்டையிலிருந்து அதிக தூரமில்லாத கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட அதிரடிப்படையினர் 13 பேரையும் 2019 ஜூலையில் நீதிமன்றம் விடுவித்தது. மலையிலிருந்து இப்போதும் அந்தக் கரை வடிவாகத்தான் இருக்கிறது. காட்சிக்கு இந்தக் கெட்ட பழக்கம் உண்டு: கீழே நடந்ததை யாரும் கேட்காமலே மன்னித்துவிடும். மன்னிக்க அதற்கு அதிகாரம் யார் கொடுத்தது என்று கேட்டால், தூரம் என்றுதான் பதில் வரும்.

தூரமும் ஓர் உயரம். இங்கேதான் எங்கள் பங்கு வருகிறது. பாரிசுக்கும் வன்னிக்கும் இடையே 8,000 கிலோமீட்டருக்கு மேல். ஈழப்போர் நடந்த ஆண்டுகளில் நாங்கள் அந்த உயரத்தில் நின்றோம். அங்கிருந்து எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. வரைபடத்தில் எது எங்கள் நிறம், எது அவர்களின் நிறம் என்று தெரிந்தது. ஒரு நகரம் விழுந்தால் அது தந்திரோபாயப் பின்வாங்கல் என்று தேத்தண்ணிக் கடையில் விளங்கப்படுத்த ஆள் இருந்தது. புலிகள் இராணுவத்தை உள்ளே விட்டு அடிப்பார்கள் என்றோம். கிளிநொச்சி விழுந்தபோதும் சொன்னோம். உள்ளே விடப்பட்ட இடத்தில் யார் இருந்தார்கள் என்ற கேள்வி வரைபடத்தில் இல்லை. பதுங்குகுழிக்குள் கிடந்த தாய்க்கு எந்தக் காட்சியும் கிடையாது. அவளுக்குத் தெரிந்தது அடுத்த எறிகணை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது. தன் பிள்ளையைச் சண்டைக்குப் பிடித்துப் போனவர்கள் யார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அப்படிக் கதைத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. கோப்பை கழுவிய காசை எண்ணிக் கொடுத்தவர்கள். பலரின் பெற்றோரும் உடன்பிறந்தோரும் அந்த வன்னி மணலில்தான் இருந்தார்கள். 2009 ஏப்ரலில் பாரிஸ் வீதிகளில் இறங்கி நின்று பொலிசிடம் பிடிபட்டவர்களும் அவர்கள்தான். அன்பு இருந்தது, துயரம் இருந்தது, தியாகமும் இருந்தது. கண் இருந்த இடம் மட்டும் மேடு.

அந்தப் போரைப் பார்த்த மிக உயரமான காட்சிமேடை ஒன்றும் உண்டு. 2009 மே 6ஆம் தேதியும் 10ஆம் தேதியும் செய்மதிகள் முள்ளிவாய்க்கால் கரையைப் படம் எடுத்தன. அமெரிக்க அறிவியல் சங்கம் ஒன்று இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. முதல் படத்தில் நெருக்கமாக இருந்த தறப்பாள் கூடாரங்கள் இரண்டாவது படத்தில் பெருமளவு இல்லை. எறிகணைக் குழிகள் தெரிந்தன. உலகம் முழுவதற்கும் அந்தப் படங்கள் கிடைத்தன. பார்க்க முடியவில்லை என்று யாரும் சொல்ல முடியாத அளவுக்குத் துலக்கமாக இருந்தன. போர் இன்னும் எட்டு நாட்கள் நடந்தது. பார்வை என்பது தலையிடுவதற்கான முதல் படி என்று நம்பியவர்களுக்கு அந்த எட்டு நாட்கள் நல்ல பாடம்.

ஆகவே மேடு ஏறுவதே பிழை என்று சொல்ல வரவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் புத் ஷோமோன் பூங்காவுக்குப் போகிறோம், புல்லில் சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறோம், போகத்தான் வேண்டும். நிலக்கீழ் அறையில் பன்னிரண்டு மணிநேரம் நின்றவனுக்கு ஆகாயத்தில் பங்கு உண்டு. அதுவும் சக்கரவர்த்தி தன் பெருமைக்காகச் செய்த சீமெந்து ஆகாயத்தில் லாச்சப்பல்காரன் கால்நீட்டிப் படுப்பது, வரலாறு அபூர்வமாகச் செய்யும் நல்ல காரியங்களில் ஒன்று. கேட்க வேண்டியது வேறு: நிற்கும் மேட்டின் அடியில் என்ன தோண்டப்பட்டிருக்கிறது?

இந்தக் கேள்வியைப் பாரிஸ் நகரம் கேட்டே ஆக வேண்டியிருந்தது; கேட்காவிட்டால் தெரு இறங்கும். 1774 டிசம்பரில் நகரின் தெற்கே ஒரு தெரு நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு அப்படியே உள்ளே போனது. 1777இல் பதினாறாம் லூயி அரசர் ஒரு இலாகாவை ஏற்படுத்தினார். நகரத்துக்குக் கீழே யார் எங்கே எவ்வளவு தோண்டினார்கள் என்று இறங்கிப் பார்ப்பது, அளப்பது, படம் வரைவது, சரியப்போகும் இடத்துக்கு முட்டுக்கொடுப்பது அதன் வேலை. அரசர் தலை போனது; சக்கரவர்த்திகள் வந்து போனார்கள்; குடியரசுகள் ஐந்து. இலாகா இன்றும் இருக்கிறது. ஜிப்சம் தண்ணீரில் கரையும் என்பதால் அதற்கு வேலை ஓயாது. பழைய குழிகள் உள்ள தெருவில் வீடு கட்டுபவர், மாடியிலிருந்து காட்சி எப்படி என்று பேச முதல், நிலத்துக்குக் கீழே என்ன என்று இந்த இலாகாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் மேட்டுக்கு அப்படி ஒன்று இல்லை. எந்தக் காசு எங்கே போனது, யாருடைய பிள்ளை யாருடைய பெருமைக்காகப் போனது, கேள்வி கேட்டவன் என்ன ஆனான் என்று இறங்கிப் பார்த்து அளந்து வரைந்த படம் எங்களிடம் கிடையாது. 1994 மே 1ஆம் தேதி, பதிப்பாளரும் அரசியல் செயற்பாட்டாளருமான சபாலிங்கம் பாரிசில் தன் வீட்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். லாச்சப்பலில் வருடா வருடம் எத்தனையோ நினைவுக்கூட்டங்கள் நடக்கின்றன. அந்த மேடைகளில் அந்தப் பெயரைக் கேட்பது அரிது. எதிரி செய்ததன் பட்டியல் எங்களிடம் நீளமாக, சரியாக இருக்கிறது, இருக்கவும் வேண்டும். எங்கள் காலுக்குக் கீழே நாங்களே தோண்டியதன் பட்டியலைத் தொடங்கக்கூட இல்லை. மே மாதம் ஆனால் மேலே ஒரு தேவாலயம் கட்டுவதுபோலப் பேச்சுகளை எழுப்புகிறோம். கிணறு தோண்டி அடித்தளம் போட யாரும் இறங்குவதில்லை.

சில பேர் எழுதினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இதே பாரிசிலிருந்து வெளிவந்த ‘எக்ஸில்’, ‘உயிர்நிழல்’ போன்ற சிற்றிதழ்கள் வசதியில்லாத கேள்விகளைக் கேட்டன. விற்பனை குறைவு, வசை அதிகம். அந்த இதழ்களை அச்சிட்டவர்களும் பகலில் ஏதோ ஒரு குசினியில் நின்றவர்கள்தான். ஆனால் ஒரு சமூகம் தன் நிலக்கீழ் வரைபடத்தை நாலைந்து சிற்றிதழ்க்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர்களையும் துரோகி என்று திட்டிவிட்டு, உச்சியில் நின்று காட்சி பார்க்க முடியாது. முடியும் என்று இத்தனை காலம் காட்டியிருக்கிறோம். ஜிப்சமும் உடனே கரைவதில்லை.

இங்கே பிறந்த பிள்ளைகள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பிரெஞ்சுப் பாடசாலையில் ஆதாரம் கேட்கப் பழக்கியிருக்கிறார்கள். மாமாமார் சொல்வதை அப்படியே விழுங்கும் வயிறு அவர்களுக்கு இல்லை. அவர்கள் இறங்கத் தயார் என்றால், வழிகாட்ட வேண்டியவர்கள் அந்தக் காலத்தில் உச்சியில் நின்று வரைபடம் விளக்கியவர்களே. குழி எங்கே இருக்கிறது என்று வேறு யாருக்கும் அவ்வளவு நன்றாகத் தெரியாது.